வேலையின்மைக்குச் சான்று: மாதனூர்ப் பக்கத்துப் படிவங்கள்

வேலையிழந்தவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டம் எந்த நாட்டில் இருந்தாலும், அதைக் கேட்டு வருபவர் மெய்யாகவே வேலையில்லாதவர்தானா என்று அறிந்துகொள்ளும் ஒரு சோதனை அதற்குள் இருக்கிறது. அந்தச் சோதனையின் வடிவம்தான் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனில் 1911 ஆம் ஆண்டுத் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தின் வழியாக வேலையின்மைக் காப்பீடு தொடங்கிய பிறகு, தான் உண்மையாக வேலை தேடுவதை விண்ணப்பதாரரே மெய்ப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனை 1921 இல் நுழைந்தது. வேலையே இல்லாத ஊர்களிலும் எந்தெந்த வாசலில் ஏறி இறங்கினோம் என்று ஆட்கள் ஒப்பிக்க வேண்டியிருந்ததால் கசப்பு மூண்டு, 1930 இல் அது நீக்கப்பட்டது. ஆயினும் வேறு சொற்களில் அதே நிபந்தனை பின்னர் திரும்பி வந்து, இன்றைய பிரிட்டனில் வாரத்துக்கு 35 மணி நேரம் வரை வேலை தேடுவதையே ஒரு வேலையாகச் செய்யும்படி கேட்கிறது. அமெரிக்க மாநிலங்களில் அந்த வாரம் தொடர்புகொண்ட முதலாளிகளின் பெயர்களைக் குறித்து வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் நடைமுறையிலுள்ள திட்டங்களோ, தேடியதற்குச் சான்று கேட்பதில்லை. காத்திருந்ததற்கும், தானாக விலகவில்லை என்பதற்கும்தான் சான்று கேட்கின்றன. இந்த வேறுபாடு தோல் தொழிலை நம்பிய ஒரு வட்டாரத்தில் என்னென்ன விளைவுகளை உண்டாக்குகிறது என்பதை, படிவம் நிரப்பிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களைப் போல அருகிலிருந்து பார்த்தவர் குறைவு.

மாதனூர், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டி அமைந்த ஊர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். 2019 நவம்பர் 28 வரை வேலூர் மாவட்டத்திலும் அதன்பின் திருப்பத்தூர் மாவட்டத்திலும் சேர்ந்திருக்கும் இவ்வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து, விடியற்காலையில் கம்பெனி வேன்களிலும் பேருந்துகளிலும் ஏறி ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இத்தகைய ஊரில் படிவம் நிரப்புபவர் என்றால், பெரும்பாலும் அவர் முன்பு ஏதேனும் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில், அதாவது தொழிலாளர்களின் வருகை, கூலி, பிடித்தம் ஆகியவற்றைக் கணக்கில் ஏற்றும் அறையில், சில ஆண்டுகள் உட்கார்ந்து எழுதியவராக இருப்பார். எந்தக் கட்டத்தில் எந்த எண்ணை இட்டால் மறுமுனையில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். விதியைப் படித்தவர்களுக்கும் அந்தத் தெளிவு எளிதில் கிடைப்பதில்லை.

அவர் முன் வந்து அமர்பவர் ஒரு பிளாஸ்டிக் பையைத் தருவார். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், தொழிலாளர் காப்பீட்டுக்குரிய இ.எஸ்.ஐ. அட்டை, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைக் காட்டும், எப்போதோ லேமினேட் செய்து மஞ்சளித்துப்போன எக்ஸ்சேஞ்ச் கார்டு ஆகிய எல்லாம் அதனுள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கைப்பழக்கம் உள்ளவர் முதலில் எடுப்பது ஆதாரையும் இ.எஸ்.ஐ. அட்டையையும்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரின் எழுத்து, தலைப்பெழுத்து இருக்கும் இடம், பிறந்த தேதி ஆகிய மூன்றையும் ஒப்பிடுவார். ஒன்றில் தந்தையின் தலைப்பெழுத்து முன்னாலும் இன்னொன்றில் கணவனின் பெயர் பின்னாலும் இருந்தால், வேலையின்மையைப் பற்றிப் பேசுவதற்கு முன் பெயரைச் சரிசெய்யும் வேலை வந்துவிடும். மாவட்டம் பிரிந்த பின்னும் பலருடைய ஆதாரில் வேலூர் என்றே இருப்பதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் உண்டு. பெயரும் பிறந்த தேதியும் பொருந்தாமல் நின்ற விண்ணப்பங்களோடு ஒப்பிட்டால், அதனால் நின்றவை மிகக் குறைவு.

மாநில அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைத் திட்டம்தான் மக்கள் நாவில் பரவலாக இருப்பது. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில், பழைய வழக்கப்படி எக்ஸ்சேஞ்சில், கல்வித் தகுதியைப் பதிவுசெய்து, அந்தப் பதிவை விடாமல் புதுப்பித்து, 5 ஆண்டுகள் வேலை கிடைக்காமல் காத்திருந்தவர்களுக்கு இது வழங்கப்படுகிறது; மாற்றுத்திறனாளிகளுக்குக் காத்திருப்பு 1 ஆண்டு. பத்தாம் வகுப்பில் தோல்வியுற்றவருக்கு மாதம் 200 ரூபாய், தேர்ச்சி பெற்றவருக்கு 300, மேல்நிலைத் தேர்ச்சிக்கு 400, பட்டதாரிக்கு 600 என்று கணக்கிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரவு வைப்பார்கள். பொதுப் பிரிவினர் 3 ஆண்டுகள் பெறலாம். வயது 40 ஐத் தாண்டக் கூடாது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்பட்டம் பெற்றவர்களும், கல்லூரியில் நேரில் படித்துக்கொண்டிருப்பவர்களும் கேட்க முடியாது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. வேலையில் இல்லை என்று ஆண்டுக்கு ஒருமுறை சுய உறுதிமொழி ஆவணம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகளில் மாதனூர்ப் பக்கத்துக் குடும்பங்களைப் பெரும்பாலும் வெளியே நிறுத்திவிடுவது கடைசிக்கு முந்தையதுதான். 72,000 என்பது மாதத்துக்கு 6,000 ரூபாய். வீட்டில் ஒரே ஒருவர், அக்காவோ அம்மாவோ, ஷூ கம்பெனியில் முறையாகப் பிடித்தம் கட்டும் வேலையில் இருந்தாலே அந்த வரம்பு தாண்டிவிடுகிறது. ஆகவே பணம் கிடைப்பது, யாருக்கும் முறையான வேலை இல்லாத வீட்டுக்கு, அல்லது இருக்கும் வேலை எந்தத் தாளிலும் ஏறாத வீட்டுக்கு. வருமானச் சான்றுக்காக வருவாய்த் துறை அலுவலகத்துக்குச் செல்பவர்கள் இதை முன்கூட்டியே அறிந்து வைத்திருக்கிறார்கள் என்பதையும், வீட்டிலேயே அப்பர் தைக்கும் கூலியை யாரும் வருமானமாகச் சொல்வதில்லை என்பதையும் படிவம் நிரப்புபவர் பார்க்காமல் இருக்க முடியாது. அப்பர் என்பது காலணியின் அடிப்பகுதி நீங்கலான மேற்புறத் தோல். அதன் சில வகைகளைக் கையால் தைக்கும் வேலை ஆம்பூர் வட்டாரத்தில் வீடுகளுக்குக் கொடுத்து அனுப்பப்படுகிறது. ஜோடிக்குச் சில ரூபாய்தான் கூலி.

எக்ஸ்சேஞ்ச் என்னும் அமைப்பு வேலையின்மையைச் சோதிப்பதற்காக உருவானதன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்து படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்களுக்கு மறுவாழ்வு தேடித்தர 1945 இல் தொடங்கப்பட்டு, பின் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டு, 1956 நவம்பர் 1 முதல் மாநிலங்களின் அன்றாட நிர்வாகத்துக்கு மாற்றப்பட்டது. 1959 ஆம் ஆண்டின் காலியிட அறிவிப்புச் சட்டம், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் தங்கள் காலியிடங்களை எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது; தெரிவித்தால் போதும், அங்கிருந்து ஆளெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் அதே சட்டம் சொல்லியது. அரசு வேலைக்கும் எக்ஸ்சேஞ்ச் பட்டியலில் உள்ளவர்களை மட்டும் அழைத்தால் போதாது, நாளிதழிலும் விளம்பரம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 இல் கூறியபின், பதிவு மூப்பு என்ற பழைய வலிமை மெலிந்தது. ஆயினும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் வழக்கத்தை மக்கள் விடவில்லை. ஷூ கம்பெனியில் பத்து ஆண்டுகளாகத் தையல் மெஷினில் இருக்கும் பெண்ணும் புதுப்பிக்கும் மாதம் தவறிவிட்டதென்று பதறி வருவார். அவருக்கு அது வேலை தேடுவதன்று. என்றோ ஒருநாள் அரசு கூப்பிட்டால் பெயர் இருக்க வேண்டும் என்ற எண்ணம். அந்த எண்ணத்தைக் கேலி செய்பவர்களுக்கு இந்தத் தொழில் ஒத்துவராது.

இவ்வட்டாரத்தில் வேலை தேடுவது உண்மையில் எங்கே நடக்கிறது என்று கேட்டால், அதற்கு எக்ஸ்சேஞ்சோடு தொடர்பே இல்லை. வேன் ஓட்டுநர், லைன் சூப்பர்வைசர், அதே கம்பெனியில் இருக்கும் நாத்தனார், கேட்டில் சுண்ணக்கட்டியால் எழுதிய ‘ஸ்டிச்சிங் ஆட்கள் தேவை’ பலகை ஆகியவற்றின் வழியாகத்தான் ஆட்கள் இடம் மாறுகிறார்கள். தோலை மெல்லிதாகச் சீவும் ஸ்கைவிங் கை உடையவரா, இரட்டை ஊசி மெஷின் ஓட்டுபவரா, கால் வடிவ அச்சான ஃபார்மாவில் தோலை இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங் தெரிந்தவரா என்பதை அரை மணி நேரம் மெஷினில் உட்கார வைத்துப் பார்த்து அன்றே முடிவு சொல்லிவிடுவார்கள். இத்தேடலில் விண்ணப்பம் இல்லை, மறுப்புக் கடிதம் இல்லை, தேதி போட்ட ரசீது இல்லை. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ கேட்பதுபோல இங்கே தேடலுக்குச் சான்று கேட்டால், ஒரே வாரத்தில் நான்கு கேட்களில் நின்றுவிட்டு வந்த பெண் எதையும் காட்ட முடியாது. கணினி மையத்தில் இருந்தபடியே நான்கு இணைய விண்ணப்பங்களை அனுப்பிய பட்டதாரி இளைஞர் எல்லாவற்றையும் காட்டிவிடுவார். தேடல் நிபந்தனை இந்தியச் சட்டங்களில் இல்லாதது ஒரு குறை என்று எழுதுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் தேடல் நிபந்தனைக்கு மிக நெருங்கிய ஒன்றை, அதுவும் இந்த வட்டாரத்துக்குப் பொருந்தும் வடிவில், 1947 ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் எழுதி வைத்திருந்தது. ஆர்டர் இல்லாமலோ, மூலப்பொருள் வராமலோ, மெஷின் பழுதாகியோ வேலை கொடுக்க முடியாத நாட்களில் தொழிலாளியைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதை லே-ஆஃப் என்று அச்சட்டம் வரையறுத்தது. வேலை உறவு அறுவதில்லை; பெயர் மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், இருந்துகொண்டே இருக்கும். ஐம்பது பேருக்குக் குறையாத ஆலையில், ஓராண்டு தொடர்ந்து பணி புரிந்த, பதிலி அல்லாத தொழிலாளிக்கு அத்தகைய நாட்களில் அடிப்படைக் கூலியிலும் பஞ்சப்படியிலும் பாதி இழப்பீடாகத் தரப்பட வேண்டும். அதைப் பெற அவர் செய்ய வேண்டியது என்னவென்றால், நாளைக்கு ஒருமுறை, வழக்கமான வேலை நேரத்தில், குறித்த பொழுதில் ஆலைக்கு வந்து முகம் காட்ட வேண்டும். அதே முதலாளிக்கு 5 மைல் சுற்றளவில் வேறு ஆலை இருந்து, தனித்திறனோ முன்னனுபவமோ வேண்டாத மாற்று வேலையை அதே கூலிக்கு அங்கே கொடுத்தால் மறுக்கக் கூடாது என்றது அச்சட்டம். அவ்வளவுதான். வந்தவர்கள் பதிந்துகொள்ள லே-ஆஃப் காலத்திலும் மஸ்டரைத் திறந்து வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று தனிப் பிரிவே இருந்தது.

இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், வேலைக்கு வந்து நின்ற தொழிலாளிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வேலை தரப்படாவிட்டால் அந்த நாள் லே-ஆஃப் நாள். பிற்பாதி ஷிஃப்டில் வா என்று சொல்லி, வந்தபின் வேலை கொடுத்தால் அது அரை நாள் லே-ஆஃப். அப்போதும் கொடுக்காவிட்டால் அந்தப் பிற்பாதிக்கு முழுக் கூலி. டைம் ஆபீஸில் இருந்தவர்களுக்கு இந்த இரண்டு மணி நேரத்தின் மதிப்பு தெரியும். காலை எட்டரைக்குத் தொடங்கும் ஷிஃப்டில் பத்தரைக்குள் மஸ்டரில் என்ன எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்து ஒரு நாளின் பாதிக் கூலி நிற்கிறது அல்லது போகிறது. அதனால்தான் பல இடங்களில் ஆட்கள் கேட்டுக்கு வருவதற்கு முன்பே செய்தி ஊருக்கு வந்துவிடுகிறது. வேலையில்லாத நாளை அறிவிக்கும் எளிய வழி வேனை அனுப்பாமல் இருப்பது. வேன் வராதபோது, வந்து முகம் காட்டும் நிபந்தனையைத் தொழிலாளி நிறைவேற்ற வாய்ப்பில்லை. இருபது கிலோமீட்டரைச் சொந்தச் செலவில் கடந்து, கையெழுத்திட்டு, பாதிக் கூலி கேட்பவர் அரிது. சட்டத்தின் நிபந்தனை வாசலில் வந்து நிற்பதாக இருக்கும்போது, வாசலுக்கு வரும் வண்டி யார் கையில் இருக்கிறது என்பதே வழக்கின் முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

வேலை உறவு முழுவதும் அறுந்துவிட்டால் அடுத்த வாயில் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம். மாதம் 21,000 ரூபாய் வரை கூலி பெறும் தொழிலாளியிடமிருந்து 0.75 விழுக்காடும் முதலாளியிடமிருந்து 3.25 விழுக்காடும் வாங்கி மருத்துவம் முதலியவற்றைத் தரும் இக்கழகம், வேலையிழப்புக்கும் இரண்டு திட்டங்களை வைத்திருக்கிறது. 2005 ஏப்ரல் 1 முதல் உள்ள ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் யோஜனா, ஆலை மூடல், ஆட்குறைப்பு, அல்லது வேலையோடு தொடர்பில்லாத காயத்தால் 40 விழுக்காட்டுக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஆகியவற்றால் வேலை போனவருக்கு, இப்போதுள்ள விதிப்படி முதல் 12 மாதங்களுக்குக் கூலியில் பாதியும் அடுத்த 12 மாதங்களுக்குக் கால் பங்கும் தருகிறது. ஆட்குறைப்பு என்பது ஒழுங்கு நடவடிக்கையாக அல்லாமல் வேலை குறைந்ததால் ஆளை நீக்குவது. ஆண்டுக்கு 15 நாள் கூலி வீதம் இழப்பீடும் ஒரு மாத முன்னறிவிப்பும் அதற்குரியவை. 2018 ஜூலை 1 முதல் உள்ள அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா இன்னும் பரந்தது. அதில் வாழ்நாளில் ஒருமுறை, 90 நாட்களுக்கு, சராசரிக் கூலியில் 25 விழுக்காடு கிடைத்தது. நோய்த்தொற்றால் நாடு அடைக்கப்பட்ட 2020 மார்ச் 24 முதல் அது 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டு, பிறகு அவ்வப்போது நீட்டிக்கப்பட்டது. முன்பு வேலை போய் 90 நாள் கழித்து, முதலாளி வழியாகக் கேட்க வேண்டியிருந்ததை, 30 நாள் கழித்து நேரடியாகக் கேட்கலாம் என்றும் தளர்த்தினார்கள். 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய உறுதிமொழிப் பத்திரமும் பின்னர் தேவைப்படவில்லை.

இரண்டு திட்டங்களிலும் வேலை தேட வேண்டும் என்ற சொல் இல்லை. ஆனால் தானாக விலகியவருக்கும், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும் கிடைக்காது. ஆகவே படிவம் நிரப்புபவர் கேட்கும் முதல் கேள்வி, “நீயா நின்னுட்டியாம்மா, அவங்களா நிறுத்தினாங்களா?” என்பதாகவே இருக்கும். இதற்கு இவ்வட்டாரத்தில் அடிக்கடி வரும் விடை, “நானா எங்க சார் நின்னேன், வேன் வரல” என்பது. இந்த விடைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

கட்டம் இருப்பது முதலாளியின் பக்கத்தில். ஒவ்வொரு மாதமும் இ.எஸ்.ஐ. இணையதளத்தில் பங்களிப்பை ஏற்றும்போது, ஒரு தொழிலாளிக்கு அந்த மாதம் வேலை நாள் பூஜ்யம் என்றால் அதற்குக் காரணத்தை எண்ணால் குறிக்க வேண்டும். 1 என்றால் விடுப்பு, 2 என்றால் பணியை விட்டு விலகிவிட்டார், 3 ஓய்வு, 8 பணி நிறுத்திவைப்பு, 9 வேலைநிறுத்தம் அல்லது கதவடைப்பு, 10 ஆட்குறைப்பு, 11 வேலை இல்லை. மாதக் கடைசியில் நூற்றுக்கணக்கான வரிகளை எக்செல் தாளில் நிரப்பிக்கொண்டிருக்கும் எழுத்தருக்கு எல்லாரையும் முடிக்கும் எளிய எண் 2. அதில் தீய எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. 10 ஐ இட்டால் இழப்பீடு எங்கே, முன்னறிவிப்பு எங்கே என்ற கேள்வி எழும், 11 ஐ இட்டால் அடுத்த மாதமும் அந்தப் பெயரைச் சுமக்க வேண்டும், 2 ஐ இட்டால் பெயர் பட்டியலிலிருந்து இறங்கிவிடும். அதோடு, பாக்கிக் கூலியும் போனஸும் கொடுக்கும் செட்டில்மென்ட் நாளில், நானாகவே விலகுகிறேன், முழுக் கணக்கும் பெற்றுக்கொண்டேன் என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால், இணையத்தின் எண்ணும் தாளின் சொல்லும் ஒத்துப்போகும். அதன்பின் கிளை அலுவலகத்தில் எவ்வளவு நல்ல அதிகாரி இருந்தாலும் அவர் முன் இருப்பது தானாக விலகியவரின் கோப்புதான்.

இந்தப் பிணக்கு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. கனடாவில் வேலையிழந்தவருக்கு முதலாளி கொடுக்கும் பணிப் பதிவுச் சீட்டில் 16 ஆம் கட்டம் பிரிவின் காரணத்தைக் கேட்கிறது. ‘ஏ’ என்றால் வேலைக் குறைவு, ‘இ’ என்றால் தானாக விலகல், ‘எம்’ என்றால் நீக்கம். டொரொண்டோவின் தொழிற்கூடங்களில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இந்த மூன்று எழுத்துகள் பழக்கமானவை. ‘ஏ’ இருந்தால் சராசரிக் கூலியில் 55 விழுக்காடு வரும், ‘இ’ இருந்தால் விலகியதற்குத் தக்க காரணம் இருந்ததை எடுத்துச் சொல்லிப் போராட வேண்டும். வேறுபாடு எங்கே என்றால், அந்தச் சீட்டின் படி தொழிலாளிக்குப் பார்க்கக் கிடைக்கிறது, எழுத்து தவறென்றால் விசாரித்து முடிவெடுக்க ஓர் அலுவலகம் இருக்கிறது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலைக்குத் தயாராக இருந்ததை அறிக்கையிடும் சுமையும் அவருக்கு இருக்கிறது. மாதனூரில் அறிக்கைச் சுமை இல்லை. ஆனால் தன் பெயருக்கு நேரே எந்த எண் விழுந்தது என்பதைத் தொழிலாளி அறிந்துகொள்வது பல மாதம் கழித்து, படிவம் நிரப்புபவரின் கணினித் திரையில்.

அடல் திட்டத்தின் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். நான்கு பங்களிப்புக் காலங்களின் மொத்தக் கூலியை 730 ஆல் வகுத்து ஒரு நாள் சராசரியைக் காண்கிறார்கள். பங்களிப்புக் காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும் அக்டோபர் முதல் மார்ச் வரையும் உள்ள அரையாண்டு. மாதம் 12,000 ரூபாய் கூலி இரண்டு ஆண்டு தொடர்ந்து வந்திருந்தால் மொத்தம் 2,88,000. நாளுக்கு ஏறத்தாழ 394 ரூபாய் 50 காசு. பாதி என்றால் 90 நாளைக்கு 17,750 ரூபாய்க்குச் சற்று மேல். பழைய கால் பங்குப்படி அதில் பாதி. சிறு தொகை அன்று. ஆனால் முதல் விதிப்படி நான்கு அரையாண்டுகளில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 78 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும்; தளர்த்திய விதிப்படி வேலை போவதற்கு முந்திய அரையாண்டிலும், மற்ற மூன்றில் ஏதேனும் ஒன்றிலும் இருந்தால் போதும். ஏற்றுமதி ஆர்டரை நம்பிய தொழிலில் ஓர் அரையாண்டு 78 ஐத் தொடாமல் போவது கடினமன்று. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது நேர்ந்ததுபோல, எங்கோ எடுக்கும் முடிவு ஆர்டரைக் குறைத்து, இங்கே வாரத்துக்கு மூன்று நாள் வேலையாக வந்து சேரும். வேலை மெலிந்து மெலிந்து போனவருக்கு, வேலை முழுதாகப் போகும் நாளில் 78 இருக்காது. திடீரென்று வேலை இழந்தவருக்கு உதவும் இவ்விதி, மெல்ல மெல்ல இழந்தவரைக் கைவிடுகிறது.

இவ்வட்டாரத்தில் வேலையிழந்தவர்கள் உண்மையில் கைவைக்கும் பணம் பி.எஃப். பணம்தான். இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தால் சேமநிதி முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி நெடுங்காலம் இருந்தது; 2025 அக்டோபரில் கூடிய மத்திய அறங்காவலர் குழு, முக்கால் பங்கை உடனே எடுக்கலாம், முழுவதையும் எடுக்க 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. அந்த இரண்டு மாதத்தில் ஆட்கள் வீட்டில் சும்மா இருந்தார்கள் என்று எவரும் நினைக்க வேண்டாம். பிடித்தம் இல்லாத ஜாப் ஒர்க் யூனிட்டில், அதாவது பெரிய கம்பெனியிடமிருந்து கட்டிங்கையோ ஸ்டிச்சிங்கையோ மட்டும் வாங்கிச் செய்யும் சிறு கூடத்தில், அல்லது வீட்டுத் திண்ணையில் அப்பர் தைத்துக்கொண்டு இருந்தார்கள். தாளில் வேலையற்றவராக இருக்க வேண்டுமானால் தாளில்லாத வேலைதான் செய்ய முடியும். அங்கே போய்ப் பழகியவருக்கு அடுத்த அரையாண்டில் 78 நாள் சேராது. சேராததால் அடுத்தமுறை இ.எஸ்.ஐ.யின் எந்தத் திட்டமும் கைகொடுக்காது. காத்திருப்பதைச் சான்றாகக் கேட்கும் முறை, ஆளைக் காப்பீட்டுக்கு உள்ளே வைப்பதற்குப் பதிலாக வெளியே தள்ளுகிறது என்பதே பல ஆண்டு படிவங்களைப் பார்த்தவர்கள் வந்து சேரும் முடிவு. தேடல் நிபந்தனையை இறக்குமதி செய்வதும் இதைச் சரிசெய்யாது. பிரிவுக்கான காரணத்தை எழுதும் உரிமையில் தொழிலாளிக்கும் ஒரு பங்கு கொடுப்பதுதான் சரிசெய்யும்.

நாற்பதைத் தாண்டி, மெஷினில் கண் ஒத்துழைக்காமல் கம்பெனியை விட்டு வரும் பெண்கள் போய்ச் சேரும் இடம் நூறு நாள் வேலை. அதற்கு வழிசெய்த 2005 ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்திலும் வேலையின்மைப் படி ஒன்று எழுதப்பட்டது. வேலை கேட்டு விண்ணப்பித்து 15 நாளுக்குள் வேலை தராவிட்டால், முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்கும் அதன்பின் பாதிக்கும் குறையாமல் மாநில அரசு தர வேண்டும். கொடுத்த வேலையை ஏற்காமலோ ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து வராமலோ இருந்தால் மூன்று மாதத்துக்கு அந்த உரிமை இல்லை. கேட்டதற்குத் தேதி போட்ட ரசீது இருந்தால்தான் 15 நாள் எண்ணத் தொடங்கும். ஏரி வேலைக்குப் பெயர் கொடுப்பது பெரும்பாலும் வாய்ச்சொல்லில் முடிவதால், இவ்வட்டாரத்தில் இந்தப் படியைக் கேட்டுப் படிவம் நிரப்பச் சொல்லி வருபவர்கள் இல்லையென்றே சொல்லலாம்.

2020 ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. லே-ஆஃபின் கட்டமைப்பு பெரிதும் பழையபடியே இருக்க, புதிதாக மறுதிறன் நிதி என்று ஒன்று சேர்ந்திருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்பட்ட ஒவ்வொருவருக்கும் அவர் கடைசியாகப் பெற்ற 15 நாள் கூலிக்குச் சமமான தொகையை முதலாளி நிதிக்குச் செலுத்த, 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்கில் வரவாக வேண்டும். இதுவும் ஆட்குறைப்பு என்று எழுதப்பட்டவருக்கே. எழுத்தரின் திரையில் 10 விழ வேண்டிய இடத்தில் 2 விழுந்துவிட்டால் இந்த 15 நாளும் அதோடு போகும். எனவே, புதிதாக வேனில் ஏறும் பெண்களுக்கு இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இப்போது சொல்லிக் கொடுப்பது, செட்டில்மென்ட் தாளில் கையெழுத்திடுவதற்கு முன் அதில் விலகல் என்று இருக்கிறதா நிறுத்தம் என்று இருக்கிறதா எனப் படிக்கவும், முடிந்தால் கைப்பேசியில் படமெடுத்து வைக்கவும்; மார்ச் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் தங்கள் காப்பீட்டு எண்ணைப் போட்டு இ.எஸ்.ஐ. தளத்தில் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று பார்க்கவும், 78 க்கு இரண்டு மூன்று நாள் குறைந்தால் அந்த மாதக் கணக்கு மூடுவதற்குள் டைம் ஆபீஸில் கேட்டுச் சரிசெய்யவும்தான்.